எண் 87: சிறுகோள் தேடும் பள்ளி மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

'சிறுகோள் கண்டுபிடித்த எட்டாம் வகுப்பு மாணவி' என்ற மாதிரித் தலைப்பு இப்போதெல்லாம் அடிக்கடி கண்ணில் படுகிறது. கையில் சான்றிதழ், பக்கத்தில் பூரிப்போடு தலைமையாசிரியர், பின்னால் டிஜிட்டல் பேனர். பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். இரவு வான்நோக்கும் நிகழ்ச்சிகளுக்குத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போகிறவன் நான். கணினித் திரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு புள்ளியைத் தேடும் பொறுமை உங்கள் வயதில் எனக்கு இருந்ததில்லை.

ஆனால் செய்தியை முழுக்கப் படித்தால் ஒன்று உறுத்தும். சான்றிதழில் இருப்பது 'முதற்கட்ட அடையாளம்'. தலைப்பில் இருப்பது 'கண்டுபிடிப்பு'. இரண்டுக்கும் நடுவே பல வருஷம் கிடக்கிறது. அந்த வருஷங்களில் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல். பொதுப்படையாகப் பேசாமல் ஒரே ஒரு சிறுகோளை வைத்துச் சொல்கிறேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள பட்டையின் வெளிப்பக்கத்தில் சுற்றும் சில்வியா. வரிசை எண் 87. கண்டுபிடித்த இடம் சென்னை நுங்கம்பாக்கம். தேதி 1866 மே 16.

கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மையம் இருக்கிறதே, புயல் வந்தால் தொலைக்காட்சிக்காரர்கள் மைக்கோடு வரிசையில் நிற்கும் இடம், அந்த வளாகத்தில்தான் 1792-இல் இருந்து மதராஸ் வானாய்வகம் இருந்தது. அதற்கு முன்பே, 1786-இல், எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி சொந்தச் செலவில் தொடங்கியது அது. நுங்கம்பாக்கத்தில் கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. 15 அடி உயரம். தமிழிலும் தெலுங்கிலும்கூட அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஆசியாவில் கணித அறிவியலை நட்டுவைத்ததே ஆங்கிலேயரின் தாராள மனசுதான் என்கிற தோரணையில் வாசகம் போகும். ஆரியபடர் ஊரில் வந்து சொல்கிற பேச்சா இது என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

அந்த வானாய்வகத்துக்கு 1861-இல் பொறுப்பேற்று வந்தவர் நார்மன் போக்சன். நாட்டிங்காமில் 1829-இல் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் வேலை பார்த்தபோதே ஐசிஸ், ஏரியாட்னி, ஹெஸ்டியா என்று மூன்று சிறுகோள்களைப் பிடித்திருந்தார். மதராஸ் வந்த அதே ஆண்டு ஏப்ரல் 17-இல் இன்னொன்று. ஆசியக் கண்டத்திலிருந்து முதன்முதலாகக் கண்டுபிடித்த சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர். பிறகு 1864-இல் சாஃபோ, 1866-இல் சில்வியா, 1868-இல் கமில்லா, 1885-இல் வெரா. ஆக, மதராஸ் கணக்கில் ஐந்து.

உங்களுக்கு அவரை ஏற்கெனவே தெரியும், பெயர் தெரியாமலேயே. நீங்கள் அனுப்பும் அறிக்கையில் நாள், வானத்து ஆயங்கள், கடைசியில் F51 என்று தொலைநோக்கியின் குறியீடு எல்லாம் வருகிறதல்லவா? அந்த வரியில் 20.8, 21.3 என்று ஒளியின் அளவான மேக்னிட்யூட் ஒன்றும் இருக்கும். அந்த அளவுகோலுக்குக் கணக்கு கொடுத்தவர் போக்சன்தான். 5 மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் ஒளியில் சரியாக 100 மடங்கு, ஒரு படிக்கு 2.512 மடங்கு என்று 1856-இல் அவர் முன்வைத்ததை உலகம் ஏற்றுக்கொண்டது. வெறுங்கண்ணுக்கு எட்டுவது 6 வரை. உங்கள் புள்ளி 21 என்றால் 15 படி மங்கல், அதாவது 10 லட்சம் மடங்கு. சில்வியா நமக்கு நேராக வரும் காலங்களில் 11-க்கும் 12-க்கும் பக்கத்தில் இருக்கும். போக்சன் பார்த்தது அந்த அளவுக்கு மங்கலான புள்ளியைத்தான். ஆனால் தம் கண்ணால் பார்த்தார்.

இதை நீங்கள் நிதானமாகக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். மே 16 என்றால் கத்திரி வெயில் உச்சத்தில் இருக்கும் நாள். ராத்திரியிலும் சுவர் சூடு இறங்கியிருக்காது. புகைப்படத் தகடு வானத்தில் சிறுகோள் தேடப் பயன்படவே இன்னும் 25 வருஷம் போக வேண்டும். ஜெர்மனியில் மாக்ஸ் வோல்ஃப் அதைச் செய்துகாட்டியது 1891-இல், போக்சன் மதராஸில் இறந்த அதே ஆண்டில். ஆகவே கையில் இருந்தது நட்சத்திர வரைபடம் மட்டுமே. அதிலும் இவ்வளவு மங்கலான நட்சத்திரங்களுக்கு நல்ல வரைபடம் கடையில் கிடைக்காது. தாமே வானத்தின் ஒரு துண்டை எடுத்துப் புள்ளி புள்ளியாகத் தாளில் குறிக்க வேண்டும். பிறகு ஓர் இரவு அதே துண்டை மறுபடி பார்க்க வேண்டும். கண்ணைத் தொலைநோக்கியில் வைத்து நாலைந்து புள்ளிகளை மனத்தில் பிடித்துக்கொள்வது, தலையைத் திருப்பி மங்கிய விளக்கில் தாளைப் பார்ப்பது, திரும்பவும் கண்ணை வைப்பது. தாளில் இல்லாத ஒன்று வானத்தில் இருந்தால் சந்தேகம். அது முன்பு குறிக்க விட்டுப்போன நட்சத்திரமாக இருக்கலாம். ஒளி ஏறி இறங்கும் மாறுநட்சத்திரமாக இருக்கலாம். போக்சனுக்கு அதுவும் சொந்தத் துறை. ஏற்கெனவே தெரிந்த 86 சிறுகோள்களில் ஒன்றாகவும் இருக்கலாம்.

சந்தேகம் தீர ஒரே வழி, பக்கத்து நட்சத்திரத்திலிருந்து அது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று நுண்ணளவியால் அளப்பது, காத்திருப்பது, மறுபடி அளப்பது. சில்வியா மாதிரித் தொலைவில் இருப்பது விறுவிறுவென்று நகராது. முழுநிலாவின் அகலத்தைத் தாண்டவே இரண்டரை, மூன்று நாள் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் நகர்வது மயிரிழை. நடுவில் ஒரு மேகம் வந்து உட்கார்ந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

உங்கள் வேலையும் அடிப்படையில் இதேதான் என்பதைக் கவனித்தீர்களா? ஹவாயில் ஹலேயகலா மலையுச்சியில் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த நாலு படங்களை மென்பொருள் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. எல்லா நட்சத்திரமும் அசையாமல் நிற்க, ஒன்று மட்டும் ஒரே கோட்டில், ஒரே வேகத்தில் நடக்கிறதா என்று பார்க்கிறீர்கள். தாளும் விளக்கும் போய்த் திரை வந்திருக்கிறது. சந்தேகப்பட வேண்டிய கடமை போகவில்லை. ஒரு படத்தில் இருந்து அடுத்ததில் காணாமல் போவது காஸ்மிக் கதிர் பட்ட தடமாக இருக்கும். நாலிலும் இருந்தும் கோணல்மாணலாகக் குதிப்பது இரைச்சல். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் கண்ணில் பட்டதையெல்லாம் குறித்து அனுப்பும் குழுக்கள் உண்டு. எண்ணிக்கை கூடினால் சான்றிதழ் வரும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது தேடல் இல்லை, லாட்டரி.

சரி, நீங்கள் அனுப்பியது நிஜமான புள்ளி, புதிய புள்ளி என்றே வைத்துக்கொள்வோம். அது ஓர் இரவின் தடம். மைனர் பிளானட் சென்டர் என்ற அமைப்பு, இன்னோர் இரவிலும் அது பார்க்கப்பட்டால்தான் ஆண்டையும் எழுத்துகளையும் சேர்த்து ஒரு தற்காலிகப் பெயரைக் கொடுக்கும். பிறகு அது சூரியனுக்குப் பின்னால் போய் மறையும். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து மீண்டும் நமக்கு நேராக வரும்போது, சொன்ன இடத்தில் இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். இப்படிப் பெரும்பாலும் நான்கு முறையாவது பார்த்துப் பாதை உறுதியான பின்புதான் நிரந்தர எண். எண் வந்த பிறகே பெயர். பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்குப் பத்தாண்டு. 16 எழுத்துக்கு மேல் கூடாது, விளம்பரப் பெயர் கூடாது, அரசியல்வாதி பெயர் என்றால் அவர் இறந்து 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை வகுத்தவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதில் காசு விஷயம் ஒன்றும் இருக்கிறது. நீங்கள் கலந்துகொள்ளும், பள்ளி மாணவர்களுக்கான சர்வதேசத் தேடல் திட்டத்தில் சேரக் கட்டணம் கிடையாது. மென்பொருள் பயிற்சி தருகிறோம் என்று சிறிய தொகை வாங்குவதைக்கூடப் புரிந்துகொள்ளலாம். 'உங்கள் பிள்ளை பெயரில் சிறுகோள்' என்று பெற்றோரிடம் ஆயிரக்கணக்கில் கறப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி யாராவது வந்தால் மேலே சொன்ன பெயர் விதிகளைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராது.

சில்வியாவுக்கு வருவோம். ஏனென்றால் இதன் கதை 1866-இல் முடியவில்லை; உண்மையில் பாதிகூட ஆகவில்லை.

போக்சன் கொடுத்த பெயர் ரோமப் புராணத்திலிருந்து வந்தது. ரோமை நிறுவியதாகச் சொல்லப்படும் இரட்டையர் ரோமுலஸ், ரெமஸ் ஆகியோரின் தாய் ரியா சில்வியா. அப்போது அது வெறும் பெயர். சில்வியா 6.5 ஆண்டுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றுகிறது, சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவைப் போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு தள்ளி இருக்கிறது, கரிமாதிரிக் கறுப்பு, விழும் ஒளியில் நூற்றுக்கு நாலு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது, தன்னைத் தானே 5 மணி 11 நிமிஷத்தில் சுற்றுகிறது. இவ்வளவும் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. எடை மட்டும் தெரியாது. தொலைவில் தனியாகச் சுற்றும் ஒரு பொருளை எப்படி நிறுப்பது?

2001 பிப்ரவரி 18-ஆம் தேதி ஹவாயில் கெக் தொலைநோக்கியைச் சில்வியா மேல் திருப்பினார்கள் மைக்கேல் பிரவுனும் ழான்-லுக் மார்கோவும். பிரவுன் யாரென்றால், பிற்பாடு ஏரிஸ் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்துப் புளூட்டோவின் கோள் பதவி போகக் காரணமானவர். காற்றின் நடுக்கத்தைக் கணத்துக்குக் கணம் வளைந்து திருத்தும் கண்ணாடி அந்தத் தொலைநோக்கியில் இருந்தது. சில்வியாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி, கூடவே சுற்றுகிறது. நிலா! மூன்று வருஷம் கழித்து, 2004 ஆகஸ்டில், சிலியின் பரனால் மலையில் இருக்கும் 8.2 மீட்டர் தொலைநோக்கியில் பிராங்க் மார்ச்சிஸ் குழுவினர் இன்னொன்றையும் கண்டார்கள், முதல் நிலாவுக்கும் உள்ளே. 2005-இல் அறிவித்தபோது, இரண்டு நிலா உள்ள முதல் சிறுகோள் என்ற பெருமை சில்வியாவுக்கு வந்தது. பெயர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வெளியே சுற்றுவது ரோமுலஸ், உள்ளே சுற்றுவது ரெமஸ். தாய்க்குப் பெயர் வைத்து 135 ஆண்டு கழித்துத்தான் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள்.

இப்போது பிளஸ் ஒன் படிப்பவர்கள் பேனாவை எடுங்கள். ரோமுலஸ் சில்வியாவின் மையத்திலிருந்து 1,356 கிலோமீட்டரில், 87.6 மணி நேரத்துக்கு ஒரு சுற்று வருகிறது. கெப்ளரின் மூன்றாம் விதி உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. தொலைவை மீட்டரில் போட்டு மும்மடி எடுத்து, 4π²-ஆல் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியாலும் நொடியில் போட்ட காலத்தின் இருமடியாலும் வகுங்கள். ஏறத்தாழ 1.48 × 10¹⁹ கிலோ வரும். நம் நிலவின் எடையில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. சிறுகோளின் எடையை ஒரு தாளில், பத்து நிமிஷத்தில் நிறுத்துவிட்டீர்கள். தேர்வில் மூன்று மதிப்பெண்ணுக்கு வரும் அந்தச் சூத்திரத்துக்கு இதைவிட நல்ல பயனை நான் பார்த்ததில்லை.

அடுத்தது பருமன். 2005 கணக்கில் சில்வியா ஏறத்தாழ 384, 264, 232 கிலோமீட்டர் அளவுள்ள உருளைக்கிழங்கு. மூன்றையும் பெருக்கி π/6-ஆல் பெருக்கினால் கன அளவு. எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 1.2 கிராம். இங்கே நிறுத்தி யோசியுங்கள். தண்ணீர் 1. சாதாரணப் பாறை 3-க்குப் பக்கம். 250 கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள ஒரு பொருள், தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். அப்படியென்றால் அது கெட்டிப் பாறையாக இருக்க முடியாது. உள்ளே நிறைய வெற்றிடமும் ஒருவேளை பனிக்கட்டியும் இருக்க வேண்டும். மார்ச்சிஸ் குழு சொன்ன விளக்கம் இது: ஒரு காலத்தில் இருந்த பெரிய பொருள் மோதலில் நொறுங்கியது, சிதறல்கள் தங்கள் ஈர்ப்பாலேயே மறுபடி சேர்ந்து சில்வியா ஆயின, சேராமல் மிஞ்சிய துண்டுகள்தான் ரோமுலஸும் ரெமஸும்.

இந்த விளக்கமும் அப்படியே நிற்கவில்லை. 2021-இல் பெனுவா கேரியும் கூட்டாளிகளும் நிலாக்களின் பாதைகளை இன்னும் நுணுக்கமாக அலசினார்கள். அளவைத் திருத்தி (சராசரி விட்டம் 271 கிலோமீட்டர்) அடர்த்தியை 1.38-க்கு உயர்த்தினார்கள். அதோடு, உள்ளே முழுக்க ஒரே மாதிரிக் குவியல் என்றால் நிலாக்களின் பாதை இப்படி இருக்காது, நடுவில் அடர்த்தியான பகுதி ஒன்றும் அதைச் சுற்றி இளகலான மேலடுக்கும் இருக்க வேண்டும் என்றார்கள். 1866-இல் பார்த்த புள்ளியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்ற வாக்குவாதம் இன்றைக்கும் ஓய்ந்தபாடில்லை.

இதெல்லாம் எட்டு மீட்டர் தொலைநோக்கிக்காரர்களின் விளையாட்டு, நமக்கென்ன என்று கேட்காதீர்கள். 2013 ஜனவரி 6-ஆம் தேதி சில்வியா ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போனது. ஐரோப்பாவில் பல ஊர்களில் அமெச்சூர் வானியலர்கள் சின்னத் தொலைநோக்கிகளோடு காத்திருந்து, நட்சத்திரம் எந்த நொடியில் அணைந்தது, எந்த நொடியில் திரும்பியது என்று குறித்தார்கள். சிலருடைய ஊரில் ரோமுலஸின் நிழலும் விழுந்தது. முன்கூட்டிக் கணித்த இடத்திலேயே. சில நொடி நேரம் நட்சத்திரம் காணாமல் போனதை வைத்து, அந்தத் துளி நிலாவின் அளவையே எடுத்துவிட்டார்கள். பெரிய தொலைநோக்கியால் முடியாததை, சரியான நேரத்தில் சரியான இடத்தில் நின்ற கூட்டம் செய்தது.

கமில்லாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. போக்சன் 1868 நவம்பர் 17-இல் நுங்கம்பாக்கத்தில் கண்ட அதே கமில்லா. அதன் முதல் நிலா 2001-இல் ஹபிளில் தெரிந்தது. இரண்டாவதை 2016-இல் அறிவித்தார்கள். இரட்டை நிலாச் சிறுகோள்களில் தெரிந்தவை மிகச் சிலவே. அவற்றில் இரண்டு, ஒரே ஊரில், ஒரே ஆள், இரண்டரை வருஷ இடைவெளியில் கண்டவை. போக்சனுக்கு இது தெரிய வழியே இல்லை.

அவரை ரொம்பவும் தூக்கிவைக்கவும் வேண்டாம். ஆட்கள் பற்றாக்குறையில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். பெரிய நட்சத்திரப் பட்டியல் வேலை அவர் உயிரோடிருந்தவரை முழுதாக அச்சேறவில்லை. அடுத்து வந்த மிக்கி ஸ்மித் தலையில் அந்தப் பாக்கி விழுந்தது. பார்த்ததை எழுதி வெளியிடாவிட்டால் பார்த்ததற்குக் கணக்கில்லை. உங்கள் குழுவில் அறிக்கை அனுப்பும் வேலையை எப்போதும் கடைசி நாளுக்குத் தள்ளும் நண்பர் ஒருவர் இருப்பார். அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

போக்சனோடு அங்கே வேலை செய்தவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, வானாய்வகத்தின் முதல் உதவியாளர். 1867-இல் தென்வானில் 'ஆர் ரெட்டிகுலி' என்ற மாறுநட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பஞ்சாங்கத்தை நேரடி வானளவைகளோடு ஒத்துவைக்க வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. இன்னொருவர் போக்சனின் மகள் ஐசிஸ். அப்பா ஆக்ஸ்போர்டில் கண்டுபிடித்த 42-ஆம் சிறுகோளுக்கும் இதே பெயர்தான். 1873-இல் இருந்து மதராஸ் வானாய்வகத்தில் கணக்கீட்டாளராகவும் உதவியாளராகவும் உழைத்தார். லண்டன் ராயல் வானியல் சங்கத்துக்கு அப்பா 1886-இல் அவரை முன்மொழிந்தபோது, சாசனத்தில் ஆண்பாலில் எழுதியிருக்கிறது, பெண்ணைச் சேர்க்க முடியாது என்று வக்கீல்கள் சொல்லிவிட்டார்கள். 1920-இல்தான் சேர்த்துக்கொண்டார்கள். செய்தித்தாளுக்குப் படம் எடுக்கும்போது குழுவில் யார் முன்னால் நிற்கிறார்கள், யார் பெயர் விட்டுப்போகிறது என்று கொஞ்சம் பாருங்கள்.

வெராவுக்குப் பிறகு தமிழ்நாட்டு வானத்திலிருந்து அடுத்த சிறுகோள் வர நூறாண்டுக்கு மேல் ஆனது. 1988 பிப்ரவரி 17-இல் காவலூர் வானாய்வகத்தில் ராஜமோகன் குழு கண்ட 4130-ஆம் சிறுகோள் அது. அதற்கு ராமானுஜன் பெயர். எண்களைப் பாருங்கள்: 1885-இல் வெரா 245, 1988-இல் கண்டது 4130, இன்று அறிந்தவை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. உங்கள் புள்ளிக்கு இந்தக் கூட்டத்தில் ஓர் எண் கிடைக்க வேண்டும் என்றால், இன்னும் பல இரவுகள் அதை யாராவது துரத்த வேண்டும். அந்த யாராவது நீங்களாகவே இருக்கலாமே. உங்கள் அறிக்கை எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மைனர் பிளானட் சென்டர் தளத்தில் அது என்ன ஆனது என்று பாருங்கள். கல்லூரிக்குப் போன பிறகும் பாருங்கள். காணாமல் போயிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் ஒரு பயிற்சி. அதே தளத்தில் 87 என்று அடித்தால் சில்வியா எந்த ஆயத்தில், எத்தனை மேக்னிட்யூடில் இருக்கிறது என்று வரும். சூரியனுக்கு எதிர்ப்புறம் இருக்கும் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆறு அல்லது எட்டு அங்குலத் தொலைநோக்கி போதும். உங்கள் ஊர் வானியல் மன்றத்தில் கேட்டால் கிடைக்கும். சென்னை வானம் இதற்கு உதவாது, ஏலகிரிப் பக்கமோ ஜவ்வாதுப் பக்கமோ போங்கள். மென்பொருள் வேண்டாம். பென்சிலால் அந்த இடத்தின் புள்ளிகளைத் தாளில் குறியுங்கள். மறுநாள் அதே நேரம் மறுபடி குறியுங்கள், மூன்றாம் நாளும். எது நகர்ந்தது என்று கண்டுபிடித்தால் தாளைப் படம் எடுத்து உங்கள் ஆசிரியரிடம் கொடுங்கள்; அவர் மூலமாக எனக்கும் வந்து சேரட்டும்.

அன்புடன்,
தொலைநோக்கி தூக்கி வரும் அண்ணன்